ஒருவர் சம்பளத்தில் குடும்பம் நடந்த அமெரிக்கா எங்கே போனது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மகன் டெட்ராய்ட் பக்கம் வேலை பார்க்கிறார். மனைவி, ஒரு கைக்குழந்தை. மாதம் 7,000 டாலர் சம்பளம். ரூபாயில் பெருக்கினால் நம் ஊரில் பெரிய தொகை. ஆனால் மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்பதில்லை என்கிறார். அதே டெட்ராய்ட்டில் 1950களில் பள்ளிப் படிப்பு மட்டும் முடித்த கார் ஆலைத் தொழிலாளி ஒரே சம்பளத்தில் வீடு, கார், நான்கு பிள்ளைகள் என்று வாழ்ந்தாராமே, அது உண்மையா, உண்மையென்றால் நடுவில் என்னதான் ஆயிற்று என்று கேட்டிருக்கிறீர்கள். மகன் செலவாளியாகிவிட்டாரோ என்ற கவலையும் அந்தக் கேள்விக்குள் இருப்பது எனக்குத் தெரிகிறது.

நான் ஒஹாயோவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வரிக் கணக்கு எழுதும் தொழிலில் இருக்கிறேன். ஜனவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் 15 வரை பிறர் வீட்டு வரவு செலவுதான் என் மேசையில் குவிந்திருக்கும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் மகன் ஊதாரி இல்லை. அவர் சொல்வது அப்படியே உண்மை. 1950களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதும் பெரும்பாலும் உண்மை, ஆனால் எல்லோருக்கும் அல்ல.

நடந்ததை ஒரு வரியில் சொல்லச் சொன்னால் இப்படிச் சொல்வேன். போருக்குப் பிந்தைய அமெரிக்கா, ஒரு குடும்பத்துக்கு வேண்டிய பாதுகாப்பை, அதாவது வைத்தியம், முதுமைக்கால வருமானம், வீட்டுக் கடன் கிடைக்கும் தகுதி எல்லாவற்றையும், வேலை என்ற ஒற்றை ஆணியில் மாட்டியது. ஆணி உறுதியாக இருந்தவரை யாருக்கும் குறை தெரியவில்லை. 1970களில் ஆணி ஆட ஆரம்பித்தது. மாட்டியவற்றில் பெரும்பாலானவை இன்றும் அதே ஆணியில்தான் தொங்குகின்றன.

முதலில் அந்தப் பொற்காலம். நியூயார்க் நகரத்துக்குக் கிழக்கே லாங் ஐலண்டில், உருளைக்கிழங்கு விளைந்துகொண்டிருந்த வயல்களில், 1947இல் லெவிட்டவுன் என்ற குடியிருப்பைக் கட்டத் தொடங்கினார்கள். கார் ஆலையில் கார் நகர, ஆட்கள் நின்ற இடத்தில் நிற்பார்கள். இங்கே வீடு நின்றது, ஆட்கள் நகர்ந்தார்கள். ஒரு குழு அடித்தளம் போட்டுவிட்டு அடுத்த மனைக்குப் போகும், பின்னாலேயே சுவர்க் குழு வரும், அதன் பின்னால் வண்ணம் பூசுகிறவர்கள். சில ஆண்டுகளில் 17,000 வீடுகளுக்கு மேல் எழுந்தன. 1949இல் ஒரு வீட்டின் விலை 7,990 டாலர். 1944இல் வந்த போர்வீரர் நலச் சட்டப்படி, போரிலிருந்து திரும்பியவர் கையிலிருந்து முன்பணமே போடாமல் குடியேறலாம். இன்றைய அமெரிக்காவில் முன்பணம் சேர்ப்பதற்கே இளம் தம்பதிகளுக்குப் பல ஆண்டுகள் போய்விடுகின்றன.

அந்த வீடு எவ்வளவு பெரியது என்பதையும் பார்க்க வேண்டும். முதலில் கட்டியவை சுமார் 750 சதுர அடி. இரண்டு படுக்கையறை, ஒரே ஒரு குளியலறை. 1950இல் நாடு முழுவதும் புது வீட்டின் சராசரி 1,000 சதுர அடிக்குள்தான் இருந்தது. இன்று சுமார் 2,400. குடும்பம் சுருங்கியது, வீடு பெருத்தது. அன்றைய தொழிலாளி வாழ்ந்த அதே அளவு வாழ்க்கையை இன்று வாழ நினைத்தாலும், அந்தச் சின்ன வீட்டைப் புதிதாகக் கட்டித் தருகிற ஆள் அரிது. பல ஊர்களில் நகராட்சி விதியே அவ்வளவு சிறிய மனையில், அவ்வளவு சிறிய வீட்டை அனுமதிப்பதில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். லெவிட்டவுன் ஒப்பந்தத்தில் வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்று அச்சிட்டே இருந்தது. கூட்டாட்சி அரசின் வீட்டுக் கடன் உத்தரவாதமும் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை ஒதுக்கியே வைத்தது. அப்படி ஒதுக்குவது சட்டப்படி குற்றமானது 1968இல்தான். அமெரிக்க நடுத்தரக் குடும்பத்தின் சொத்து என்பது பெரும்பாலும் வீடுதான். அப்பா வாங்கிய வீடு பிள்ளையின் கல்லூரிப் படிப்பாகிறது, பேரனின் முன்பணமாகிறது. அந்த முதல் படியில் கால் வைக்க விடாததன் கணக்கு இன்றும் தீரவில்லை. 2022இல் அமெரிக்க மத்திய வங்கி எடுத்த கணக்கெடுப்பில், சொத்து வரிசையில் நட்டநடுவில் நிற்கும் வெள்ளைக் குடும்பத்தின் நிகரச் சொத்து சுமார் 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்தினுடையது சுமார் 45,000. சம்பள வித்தியாசத்தை மட்டும் வைத்து இந்த இடைவெளியை விளக்க முடியாது.

இனி அந்த ஆணியை அடித்த கதை. இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன், ஏனென்றால் இங்கே பிறந்தவர்களிலேயே பலருக்கு இது தெரியாது.

1942இல் நாடு முழு மூச்சாகப் போரில் இருந்தது. ஆட்களுக்குத் தட்டுப்பாடு. சம்பளத்தை ஏற்றி ஏற்றி ஒரு கம்பெனி மற்றொன்றின் ஆட்களை இழுத்தால் விலைவாசி எகிறிவிடும் என்று அரசு சம்பளத்துக்கு உச்சவரம்பு போட்டது. ஆனால் காப்பீடு, ஓய்வூதியம் போன்றவை அந்த வரம்புக்குள் வராது என்று விட்டுவிட்டது. சம்பளத்தை ஏற்ற முடியாத முதலாளிகள் மருத்துவக் காப்பீட்டைக் காட்டி ஆள் பிடித்தார்கள். போர் முடிந்தது, பழக்கம் நிலைத்துவிட்டது. முதலாளி கட்டும் காப்பீட்டுத் தொகைக்குத் தொழிலாளி வருமான வரி கட்ட வேண்டாம் என்று 1954இல் வரிச் சட்டமும் உறுதி செய்தது. போருக்கு முன் மருத்துவமனைக் காப்பீடு வைத்திருந்தவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவர். 1960க்குள் மூன்றில் இரண்டு பேரைத் தாண்டிவிட்டது. இடையில் 1945 நவம்பரில் அதிபர் ட்ரூமன் நாட்டு மக்கள் அனைவருக்கும் அரசே காப்பீடு தரும் திட்டத்தை முன்வைத்தார். மருத்துவர் சங்கம் கடுமையாக எதிர்த்தது, திட்டம் நிறைவேறவில்லை. தற்காலிகமாகப் போட்ட ஒரு போர்க்கால ஒட்டு, எண்பது ஆண்டுகளாக நாட்டின் மருத்துவ அமைப்பாகவே நிற்கிறது.

உங்கள் மகன் இருக்கும் டெட்ராய்ட்டுக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு. 1950 மே மாதம் வால்டர் ரூதர் தலைமையில் இருந்த கார்த் தொழிலாளர் சங்கமும் ஜெனரல் மோட்டார்ஸும் ஐந்தாண்டு ஒப்பந்தம் ஒன்று போட்டன. விலைவாசி ஏறினால் சம்பளம் தானாக ஏறும். அதற்கு மேல் ஆண்டுக்கு ஆண்டு ஒரு நிச்சயமான உயர்வு. ஓய்வூதியம், மருத்துவக் காப்பீட்டில் கம்பெனியின் பங்கு. பதிலுக்கு ஐந்தாண்டு வேலைநிறுத்தம் கிடையாது. மற்ற பெரிய கம்பெனிகளும் இதே வழியில் போயின. அன்று தொழிலாளர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் சங்கத்தில் இருந்தார். சங்கம் இல்லாத கம்பெனிகளும், சங்கம் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்காகவே நல்ல சம்பளம் கொடுத்தன. ரூதர் தம் வாழ்நாள் முழுக்கக் கேட்டது அரசு எல்லோருக்கும் தரும் காப்பீட்டைத்தான். அது கிடைக்காததால் கம்பெனியிடமிருந்து வாங்கித் தந்தார். ஐரோப்பாவும் ஜப்பானும் குண்டு விழுந்து கிடந்த அந்த ஆண்டுகளில் டெட்ராய்ட்டுக்குப் போட்டியே இல்லை என்பதால் கம்பெனியாலும் கொடுக்க முடிந்தது.

கம்பெனியே போய்விட்டால்? இந்தக் கேள்வியை நாடு முதலில் 1963இல் சந்தித்தது. இந்தியானாவின் சௌத் பெண்ட் நகரில் ஸ்டூடபேக்கர் கார் ஆலை மூடப்பட்டது. ஓய்வூதிய நிதியில் போதுமான பணம் இல்லை. ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களுக்கு முழுதாகக் கிடைத்தது. பல ஆண்டு உழைத்து உரிமை பெற்றிருந்தும் அறுபது வயது எட்டாத சுமார் 4,000 பேருக்கு டாலருக்கு 15 காசு கணக்கில் கொடுத்தார்கள். இன்னும் 2,900 பேர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள். இந்த அடிதான் 1974இல் ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டத்துக்கும், திவாலான கம்பெனிகளின் ஓய்வூதியத்தை ஏற்றுக் கொடுக்கும் ஓர் அரசு நிறுவனத்துக்கும் காரணமானது.

என் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார், வயது 86. உருக்காலை ஒன்றில் 31 ஆண்டு உலை வேலை. நான்கு வருஷத்துக்கு முன் தம் வரிக் காகிதங்களை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தார். அவருடைய ஆலை திவாலான பிறகு ஓய்வூதியத்தை அந்த அரசு நிறுவனம்தான் அனுப்புகிறது. கொஞ்சம் குறைவு, ஆனால் மாதந்தோறும் தவறாமல் வருகிறது. ஓய்வுபெற்றவர்களுக்கு ஆலை தருவதாகச் சொன்ன மருத்துவக் காப்பீட்டை ஏற்க யாரும் வரவில்லை. 65 வயது ஆகும்வரை மருத்துவமனைப் பக்கமே போகவில்லை என்றார். 65 முடிந்தால் மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு வந்துவிடும். "அந்தப் பிறந்தநாளுக்குத்தான் நான் அதிகம் காத்திருந்தேன்" என்று சொல்லிவிட்டு டப்பாவை மூடினார். அவர் மகன் ஒரு கிடங்கில் வேலை செய்கிறார். அவருக்கு ஓய்வூதியம் என்று ஒன்று கிடையாது.

அந்தப் பெரியவரின் மகனுக்கு இருப்பது 401(கே) என்ற சேமிப்புத் திட்டம். 1978 வரிச் சட்டத்தில் வந்த ஒரு பிரிவின் எண் அது. பணியாளர் தம் சம்பளத்தில் ஒரு பகுதியை வரிக்கு முன் எடுத்துப் பங்குச் சந்தை நிதிகளில் போடலாம், கம்பெனியும் கொஞ்சம் சேர்க்கலாம். உயர் அதிகாரிகளின் கூடுதல் சேமிப்புக்கு என்று நினைத்த ஏற்பாட்டை, 1980களில் கம்பெனிகள் ஓய்வூதியத்தின் இடத்திலேயே உட்கார வைத்துவிட்டன. நம் ஊரில் 2003 ஏப்ரலுக்குப் பிறகு தமிழ்நாடு அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் போய்ப் பங்களிப்பு ஓய்வூதியம் வந்ததல்லவா, அதை நினைத்துக்கொண்டால் விளங்கும். முன்பு சந்தை சரிந்தால் கம்பெனி கவலைப்பட வேண்டும், நீங்கள் 95 வயது வரை வாழ்ந்தாலும் கம்பெனிதான் கொடுக்க வேண்டும். இப்போது அந்தக் கவலை இரண்டும் உங்களுடையது. 2008இல் சந்தை விழுந்தபோது, 62, 63 வயதில் ஓய்வுக்கு நாள் குறித்திருந்தவர்கள் என் அலுவலகத்தில் உட்கார்ந்து பேச்சில்லாமல் அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் மறக்கவில்லை.

ஆலைகள் போனதற்கு ஒரே காரணம் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். 1973இல் எண்ணெய் விலை ஏறியது. ஜப்பானும் ஜெர்மனியும் எழுந்து நின்றுவிட்டன. 1977 செப்டம்பர் 19, ஒரு திங்கட்கிழமை, ஒஹாயோவின் யங்ஸ்டவுனில் பெரிய உருக்காலை ஒன்றை மூடப்போவதாக அறிவித்தார்கள். ஒரே அறிவிப்பில் சுமார் 5,000 வேலைகள். அங்கே இன்றும் 'கறுப்புத் திங்கள்' என்று சொல்லிப் பேசுகிறார்கள். 1930இல் 1,70,000 பேர் வாழ்ந்த ஊரில் 2020இல் சுமார் 60,000 பேர். உங்கள் மகன் ஊரும் அப்படித்தான்: 1950இல் டெட்ராய்ட்டின் மக்கள்தொகை 18 லட்சத்துக்கு மேல், 2020இல் ஆறு லட்சத்து நாற்பதாயிரத்தைத் தொடவில்லை. 1981இல் வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் 11,000க்கும் மேற்பட்டோரை அதிபர் ரீகன் ஒரே வீச்சில் நீக்கினார். தனியார் முதலாளிகளும் அதைப் பார்த்துத் துணிந்தார்கள். சங்கத்தில் இருப்பவர்கள் இன்று பத்தில் ஒருவர், தனியார் துறையில் மட்டும் எடுத்தால் 6 சதவீதம். 2001இல் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. 1979இல் ஆலைகளில் 1 கோடியே 95 லட்சம் வேலைகள் இருந்தன. 2000இல் 1 கோடியே 70 லட்சத்துக்கு மேல். 2010 தொடக்கத்தில் 1 கோடியே 15 லட்சம். இறக்குமதி, தானியங்கி இயந்திரம், 2008 சரிவு மூன்றும் சேர்ந்து அடித்த அடி அது. ஆலை வேலை போனவருக்கு வேறு வேலை கிடைத்தது. அந்தச் சம்பளமும் அந்தச் சலுகைகளும் கிடைக்கவில்லை. கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர் என்று 2009 ஜூலையில் நிர்ணயித்தது, அதே இடத்தில் நிற்கிறது. பல மாநிலங்கள் தாமாகவே உயர்த்திக்கொண்டன என்பது வேறு.

குடும்பங்கள் இதை எப்படிச் சமாளித்தன? மனைவியும் வேலைக்குப் போனார். 1950இல் பெண்களில் மூன்றில் ஒருவர் வேலையில் இருந்தார், 2000 வாக்கில் பத்தில் ஆறு பேர். இதைக் கட்டாயம் என்று மட்டும் சொன்னால் பெண்களுக்கு அநியாயம் செய்ததாகும். கணவர் கையெழுத்து இல்லாமல் கடன் தர மறுப்பது 1974இல்தான் சட்டவிரோதமானது. படித்த பெண்கள் தம் காலில் நிற்க விரும்பினார்கள், நின்றார்கள். இந்த நாட்டில் என் ஆயுளில் நடந்த மிக நல்ல மாற்றம் என்று நான் நினைப்பது இதைத்தான். ஆனால் பெண் வேலைக்குப் போன பிறகு குழந்தையை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு நாடு பதில் சொல்லவில்லை. நாடு முழுக்கக் குழந்தைப் பராமரிப்பு மையங்கள் அமைக்கும் மசோதாவை 1971இல் இரு அவைகளும் நிறைவேற்றின. அந்த டிசம்பரில் அதிபர் நிக்சன் அதைத் தடுப்பதிகாரத்தால் நிறுத்தினார். 1993இல் வந்த சட்டம் 12 வாரம் விடுப்பு தருகிறது, சம்பளம் இல்லாமல், அதுவும் எல்லோருக்கும் அல்ல. சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு தரும் கூட்டாட்சிச் சட்டம் தனியார் ஊழியர்களுக்கு இன்றுவரை இல்லை.

ஆக இரண்டாவது சம்பளம் வந்தது, அதன் பின்னாலேயே இரண்டாவது கார், டே கேர் கட்டணம் இரண்டும் வந்தன. என்னிடம் வரும் ரசீதுகளில் கைக்குழந்தைக்கு மாதம் 1,200 டாலருக்குக் குறைந்து பார்ப்பது அரிது. மையம் நடத்துகிறவர்கள் கொள்ளையடிக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. அங்கே வேலை செய்யும் பெண்களின் வரிக் கணக்கையும் நான்தான் எழுதுகிறேன், அவர்கள் சம்பளம் என்னை வெட்கப்பட வைக்கும். ஒரு ஆளிடம் நான்கைந்து கைக்குழந்தைகளுக்கு மேல் விடக் கூடாது என்பது விதி. விட முடியாது என்பது நடைமுறையும்கூட. துணி நெய்யும் ஆலையில் ஒரு ஆள் இன்று அன்றைப்போல் பல மடங்கு நெய்கிறார், அதனால் துணி மலிந்தது. குழந்தையைத் தூக்கித் தூங்கவைக்கும் வேலை அப்படியேதான் இருக்கிறது. மற்ற துறைகளில் சம்பளம் ஏறும்போது இங்கேயும் கொஞ்சமாவது ஏற்றினால்தான் ஆள் நிற்பார்கள். அதனால் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். வில்லியம் பௌமல் என்ற பொருளாதார அறிஞர் 1960களிலேயே இதை விளக்கினார். ஆசிரியர், செவிலியர், முதியோரைப் பார்த்துக்கொள்கிறவர் எல்லோருக்கும் இதே கணக்குதான்.

இங்கேதான் உங்கள் மகனின் குழப்பத்துக்கு விடை இருக்கிறது. கடையில் வாங்கும் பொருள் எல்லாம் மலிந்துவிட்டது. 1960இல் குடும்பங்கள் கைக்கு வந்த வருமானத்தில் சுமார் 17 சதவீதத்தை உணவுக்குச் செலவிட்டன, இன்று 11 சதவீதம். துணி, டிவி, தொலைபேசி அழைப்பு எல்லாம் அன்றைய தொழிலாளி கனவு காணாத விலை. ஏறியது வைத்தியம், வீடு, கல்லூரி, குழந்தைப் பராமரிப்பு. டிவியை அடுத்த வருஷம் வாங்கலாம். குடல்வால் வெடித்தால் தள்ளிப்போட முடியாது. 1960இல் நாட்டு உற்பத்தியில் 5 சதவீதமாக இருந்த மருத்துவச் செலவு இன்று 17 சதவீதத்துக்கு மேல். 2024இல் கம்பெனி வழியாக வரும் குடும்பக் காப்பீட்டின் சராசரி ஆண்டுத் தொகை 25,572 டாலர். அதில் பணியாளர் பங்கு சுமார் 6,300. மீதியைக் கம்பெனி கட்டுகிறது என்று சொல்வார்கள், ஆனால் அது இல்லாவிட்டால் அவருக்குச் சம்பளமாக வந்திருக்க வேண்டிய பணம். சம்பளம் ஏன் ஏறவில்லை என்று கேட்கிறவர்களுக்கு நான் காட்டும் முதல் எண் இதுதான்.

வீட்டைப் பொறுத்தவரை காரணம் எளிது. 2005இல் 20 லட்சம் வீடுகளுக்கு மேல் கட்டத் தொடங்கினார்கள், 2009இல் ஐந்தரை லட்சம். கட்டுமான கம்பெனிகள் மூடின, கொத்தனார்களும் தச்சர்களும் வேறு தொழிலுக்குப் போனார்கள், மீண்டு வர வெகுகாலம் ஆயிற்று. மனைக்கு ஒரு தனி வீடு மட்டுமே என்ற விதி பெரும்பாலான ஊர்களில் நிலத்தைப் பூட்டி வைத்திருக்கிறது. வேலை இருக்கும் நகரத்தில் வீடு எட்டாத விலை, வீடு மலிந்த ஊரில் வேலை இல்லை. 1950களில் ஆண்டுதோறும் ஐந்தில் ஒருவர் வீடு மாறினார், இன்று பத்தில் ஒருவர்கூட இல்லை. வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு பிழைப்பைத் தேடிப் போவது அமெரிக்கரின் குணம் என்று நாம் படித்ததெல்லாம் பழைய கதையாகிக்கொண்டிருக்கிறது.

கல்லூரியைப் பற்றிச் சொல்ல எனக்கு மனம் கனக்கிறது. 1960இல் 25 வயதுக்கு மேற்பட்டவர்களில் பட்டதாரிகள் 8 சதவீதத்துக்கும் குறைவு. இன்று ஏறத்தாழ 38. மீதி 62 பேரை மறந்துவிட்டுத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பட்டம் வாங்கியவர்களிலும் வாங்காமல் பாதியில் விட்டவர்களிலுமாக 4 கோடிக்கு மேற்பட்டோர் தலையில் 1.6 லட்சம் கோடி டாலருக்கு மேல் கூட்டாட்சிக் கல்விக் கடன் இருக்கிறது. கடன் வாங்கிப் பட்டத்தை முடிக்காதவர்தான் என் மேசைக்கு வருகிறவர்களில் மிகவும் நொந்தவர். கடன் உண்டு, அதை அடைக்கும் சம்பளம் இல்லை.

பட்டம் இருக்கிறதா இல்லையா என்ற கோடு இப்போது வாழ்க்கை முழுவதையும் பிரிக்கிறது. ஆன் கேஸ், ஆங்கஸ் டீட்டன் என்ற பொருளாதார அறிஞர் தம்பதி, பட்டம் இல்லாத நடுவயது வெள்ளையரிடையே தற்கொலை, குடி, போதை மருந்து மூன்றாலும் சாவு ஏறுவதை 2015 முதல் வெளியிட்டு வந்தார்கள். 2014இல் 78.9 ஆக இருந்த சராசரி ஆயுள் கொரோனாவும் சேர்ந்துகொண்டு 2021இல் 76.4க்கு இறங்கியது. 2023இல் 78.4க்குத் திரும்பியது. 2022 ஒரே ஆண்டில் அளவு மீறிய போதையால் 1,07,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஒஹாயோவில் இருப்பவர்களுக்கு இது எண் மட்டுமல்ல. என்னிடம் பத்தாண்டு வந்துகொண்டிருந்த ஒருவர் திடீரென்று வரவில்லை. அடுத்த ஆண்டு அவர் அம்மா வந்து, இறந்தவருக்கான கடைசி வரிப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று கேட்டார். முதுகுவலிக்கு மாத்திரையில் தொடங்கியது என்றார், அதற்கு மேல் பேசவில்லை.

திருமணமும் அதே கோட்டில் பிரிந்துகொண்டிருக்கிறது. 1956இல் ஆண்கள் 22 வயதிலும் பெண்கள் 20 வயதிலும் மணம் முடித்தார்கள், இன்று 30, 28. படித்தவர்கள் தாமதமாகவேனும் செய்துகொள்கிறார்கள், மற்றவர்களிடையே திருமணமே குறைந்துவிட்டது. 1960இல் 13 சதவீத வீடுகளில்தான் ஒருவர் மட்டும் தனியாக இருந்தார், இன்று சுமார் 29 சதவீத வீடுகளில். 1957இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி நான்கு குழந்தையை நெருங்கியது, இன்று 1.6. தேவாலயத்திலோ வேறு வழிபாட்டுத் தலத்திலோ உறுப்பினராக இருப்பவர்கள் 1999இல் 70 சதவீதம், 2020இல் 47. சங்கக் கட்டடமும் தேவாலயமும்தான் வேலை போனவனை நாலு பேர் விசாரிக்கும் இடங்களாக இருந்தன.

இவ்வளவு சொன்ன பிறகு, எல்லாமே கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1959இல் முதியவர்களில் 35 சதவீதம் பேர் வறுமையில் இருந்தார்கள், இன்று சுமார் 10. இதைச் சாதித்தது 1935இல் தொடங்கிய சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியமும் 1965இல் வந்த மெடிகேரும். இவை இரண்டும் கம்பெனியோடு ஒட்டாமல் ஆளோடு ஒட்டியவை என்பதைக் கவனியுங்கள். வேலை மாறினாலும் ஆலை மூடினாலும் அவை கூடவே வருகின்றன. 2010 மருத்துவச் சட்டத்துக்குப் பிறகு காப்பீடு இல்லாதவர்கள் 16 சதவீதத்திலிருந்து 8க்கு வந்ததும் அதே வழியில்தான், வேலை இல்லாதவரும் வாங்க வழி வைத்ததால். ஆணியிலிருந்து கழற்றியதெல்லாம் நிலைத்திருக்கிறது. மற்றவற்றையும் கழற்ற வேண்டும் என்பதே என் கருத்து. இங்கே பாதிப் பேர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், வரி ஏறும், அரசு கையில் போனால் தரம் போகும் என்பார்கள்.

தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவர் குழுவினரும் வரிப் பதிவேடுகளை வைத்து ஒன்றைக் கணக்கிட்டார்கள். 1940இல் பிறந்த அமெரிக்கர்களில் 90 சதவீதம் பேர் தம் பெற்றோரைவிட அதிகம் சம்பாதித்தார்கள். 1980களில் பிறந்தவர்களில் ஏறத்தாழ 50 சதவீதம் பேர்தான். நான் மேலே சொன்ன ஆண்டுகளெல்லாம் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கின்றன.

நம்மவர்கள் கண்ணில் இது எளிதில் படாது. 1965 குடியேற்றச் சட்டம் நாடுவாரி ஒதுக்கீட்டை நீக்கிக் கதவைத் திறந்தபோது முதலில் வந்தவர்கள் மருத்துவரும் பொறியாளரும். பின்னர் எச்-1பி என்ற வேலை விசா வந்தது. வடிகட்டி வந்த நாம் பெரும்பாலும் அந்தப் பட்டக் கோட்டின் மேல்பக்கத்தில்தான் இறங்குகிறோம். ஆனால் நம் ஆட்களுக்கு அந்த ஆணியில் இன்னொன்றும் தொங்குகிறது: விசா. வேலை போனால் காப்பீடு போகும், 60 நாளுக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் நாட்டில் இருக்கும் உரிமையும் போகும்.

இனி உங்கள் மகனின் 7,000. சமூகப் பாதுகாப்புக்கும் மெடிகேருக்கும் சேர்த்துச் சுமார் 500 போகும். டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநில வரி 4.25 சதவீதம், கழிவுகள் போகச் சுமார் 200. கூட்டாட்சி வருமான வரி, குழந்தைக்கான வரிச் சலுகைக்கு முன், 300இலிருந்து 400. காப்பீட்டில் அவர் பங்கு 500க்கு மேல். 401(கே)க்கு 6 சதவீதம் போட்டால் 420. கைக்கு வருவது சுமார் 5,000. அதில் வாடகை 1,700, காருக்குத் தவணையும் இன்சூரன்ஸும் 700 (மிச்சிகனில் கார் இன்சூரன்ஸ் அதிகம்), மின்சாரம், எரிவாயு, போன் 350, மளிகை 700, காப்பீடு கட்டியும் டிடக்டிபிள் என்று நம் கையிலிருந்து போகும் மருத்துவர் பில், குழந்தைக்கு டயப்பர், பால்மாவு. ஊருக்கு அனுப்பும் பணம் இதற்குப் பிறகுதான். மருமகள் வேலைக்குப் போனால் டே கேர் 1,200. அவரை ஒன்றும் கேட்காதீர்கள், கணக்கு அப்படித்தான் வரும்.

இரண்டு விஷயம் மட்டும் விசாரியுங்கள். 401(கே)யில் அவர் போடும் பணத்துக்கு ஈடாகக் கம்பெனி எவ்வளவு போடுகிறது, அதை முழுதாக வாங்கும் அளவுக்காவது அவர் போடுகிறாரா என்பது ஒன்று. மற்றது, சமூகப் பாதுகாப்பில் அவர் கணக்கில் எத்தனை காலாண்டு சேர்ந்திருக்கிறது என்பது. 40 காலாண்டு, அதாவது பத்தாண்டு, நிரம்பினால்தான் அந்த ஓய்வூதியம் உண்டு. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இதற்கு ஒப்பந்தம் இல்லாததால், ஒன்பதாவது வருஷத்தில் ஊர் திரும்பினால் மாதாமாதம் கட்டிய அந்தப் பணத்தில் அவருக்கு எதுவும் வராது. திரும்பி வரும் யோசனை இருந்தால், எந்த மாதம் கிளம்புவது என்று முடிவு செய்யும் முன் அரசின் சமூகப் பாதுகாப்பு இணையதளத்தில் தம் கணக்கைத் திறந்து அந்த எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள்.